சாந்தாமணி மேல் ஒரு வழக்கு

ஜூன் 3, திங்கள்

ஏழு வருடம் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பிறகு, இன்று எனக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தார்கள். குதிகால் சேர வேண்டும், முன்பாதம் விரிய வேண்டும், கை தொடையோடு ஒட்ட வேண்டும். இத்தனை நாள் நான் நின்றது கணக்கில் வராது போலிருக்கிறது.

எங்கள் ஏஜென்சி லைசென்ஸைப் புதுப்பிக்க மனுப் போட்டிருக்கிறது. புதிதாக வந்த அதிகாரி ஃபைலைப் புரட்டி, பயிற்சி முடித்ததாக அதில் இருக்கிற நாலு காவலாளிகளைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். தீயணைப்புக் கருவியில் எத்தனை வகை என்று கேட்டாராம். ஒருத்தர் "சிவப்புங்க" என்றிருக்கிறார். ஃபைல்படி நாங்கள் எல்லோரும் சேர்ந்த வருடமே நூற்றறுபது மணி நேரம் படித்து முடித்தவர்கள். என் சான்றிதழை நானே இன்றுதான் பார்த்தேன். கையெழுத்து அழகாக இருந்தது, ஆனால் என்னுடையது இல்லை.

அதனால் இப்போது நிஜமாகவே இருபது நாள் பயிற்சி. மூடிப்போன நூல் மில்லின் கிடங்கில் வகுப்பு. முப்பத்து நாலு பேர், அதில் பெண்கள் ஆறு. 26ஆம் தேதி பட்டியல் அதிகாரிக்குப் போகும். பயிற்சியும் முடித்து, போலீஸ் சரிபார்ப்பும் சுத்தமாக வந்தவர்களுக்குத்தான் இனி வேலை. மற்றவர்கள் யூனிஃபார்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

மாஸ்டர் பெயர் ரஞ்சித். முப்பதைத் தொடாத பையன். ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, தினமும் எழுதச் சொன்னார். நாளைக்கு ஒரு சம்பவம் நடந்தால் எழுதத் தெரிய வேண்டுமாம். "பாத்தத மட்டும் எழுதுங்க. மனசுல பட்டதெல்லாம் வேண்டாம்" என்றார். எனக்கு இது வசதி.

ஜூன் 4, செவ்வாய்

கால் வலி. ரசம் வைத்தேன். அப்பளம் தீர்ந்துவிட்டது.

ஜூன் 6, வியாழன்

போலீஸ் சரிபார்ப்புக்கான படிவம் கொடுத்தார்கள். சாந்தாமணியும் நானும் ஒருத்திக்கொருத்தி பார்த்து நிரப்பினோம். பதினாலு வருடமாக இப்படித்தான். ஒரே லைன் வீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கதவாக இருந்தோம். பிறகு அவள் புருஷன் கதிர்வேல் இறந்துபோனான், அவள் வீடு மாறினாள். சில வருடம் கழித்து, நான் வேலைக்குச் சேர்ந்ததும், அவளையும் ஏஜென்சிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டது நான்தான். இப்போது ஒரே ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சை வாசல் அவளுக்கு, வெளிநோயாளிகள் வாசல் எனக்கு. வேலை வாங்கிக் கொடுத்ததற்காக இன்னமும் தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு முறுக்குச் சுட்டுக் கொண்டுவருகிறாள். வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை.

படிவத்தில் பதினோராவது கேள்வி, உங்கள் மீது வழக்கு ஏதேனும் உண்டா.

"நம்ம மேல என்ன கேஸ் புள்ள, மாமியாளத் திட்டுனதா?" என்று சிரித்தாள். இல்லை என்று எழுதினாள். நானும் இல்லை என்று எழுதினேன். என்னைப் பொறுத்தவரை அது உண்மை.

ஜூன் 8, சனி

தீயணைப்பு வகுப்பு. தகர டிரம்மில் துணியைக் கொளுத்திப் போட்டு, ஆளாளுக்கு ஒரு முறை அணைக்கச் சொன்னார் மாஸ்டர். சாந்தா கருவியின் பூட்டு ஊசியைப் பிடுங்காமலே கைப்பிடியை அமுக்கு அமுக்கென்று அமுக்கினாள். வரவில்லை. "இதுக்கு ஒரு கொடம் தண்ணி மேலுங்க மாஸ்டர்" என்றாள். கிடங்கே சிரித்தது. இரண்டாம் முறை ஒரே வீச்சில் அணைத்தாள். முகமெல்லாம் வெள்ளைப் பொடி. மகளுக்கு அனுப்ப வேண்டும் என்று என்னைப் படம் எடுக்கச் சொன்னாள். மகள் யாழினி நர்சிங் இரண்டாம் வருடம். அவளை முடிக்க வைக்கும் வரை இந்த வாசலை விட்டு அசைய மாட்டேன் என்று சாந்தா சொல்லாத நாளில்லை.

ஜூன் 11, செவ்வாய்

அடையாள அட்டைகளைப் பற்றிய வகுப்பு. எதை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது. ரேஷன் கார்டை மட்டும் பார்த்து ஆளை நம்பவே கூடாது என்றார் மாஸ்டர். அது குடும்பத்துக் கார்டு, கையில் வைத்திருப்பவர் யார் என்று அது சொல்லாது. பரீட்சையில் கட்டாயம் வரும், அடிக்கோடு போடுங்கள் என்றார்.

போட்டேன். பிறகு தலைவலி என்று சொல்லிவிட்டு வெளியே போய் முகம் கழுவினேன்.

ஜூன் 13, வியாழன்

சரிபார்ப்பு முடிவு வந்தது. முப்பத்து மூன்று பேருக்குச் சுத்தம். சாந்தாமணிக்கு மட்டும் "வழக்கு நிலுவையில் உள்ளது".

எச்.ஆர். பிரதீப் வகுப்பு நடுவில் வந்து அவளைக் கூப்பிட்டார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. இது தெளிவாகற வரைக்கும் உள்ள உட்காரக் கூடாது, ரூல்ஸ்." அவள் நோட்டை மூடி, பேனாவை மூடி, பையில் வைத்து எழுந்தாள். அப்புறம் முதலுதவி வகுப்பு நடந்தது. மூச்சு நின்றவருக்கு நெஞ்சில் எப்படி அழுத்த வேண்டும் என்று ரப்பர் பொம்மையில் காட்டினார்கள். என் முறை வந்தபோது எத்தனை எண்ணினேன் என்று தெரியவில்லை. மாஸ்டர் போதும் என்று தோளைத் தட்டிய பிறகுதான் நிறுத்தினேன்.

சாயங்காலம் வரை அவள் வெளியே கேட்டருகில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகவில்லை.

ஜூன் 14, வெள்ளி

விடுப்புச் சொல்லிவிட்டு அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். அவள்தான் வரச் சொன்னாள். தனியாகப் போக பயமாம்.

ரைட்டர் நல்ல மனுஷர்தான். கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். பதினோரு வருடத்துக்கு முன்னால் திருச்சி ரோட்டில் தண்ணீர் கேட்டுச் சாலை மறியல். நாற்பத்தாறு பெண்கள் மேல் வழக்கு. நாற்பத்தைந்து பேர் கோர்ட்டுக்கு வந்து அப்போதே முடித்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் வரவில்லை. சம்மன் பழைய வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அதனால் அவள் பெயர் தனி வழக்காகப் பிரிந்து, பிடிவாரண்டும் ஆகியிருக்கிறது.

"நான் அன்னிக்கு ஊர்லயே இல்லீங்க சார். எங்கம்மாளுக்குக் கண் ஆபரேசன். தாராபுரத்துல இருந்தனுங்க."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. புருசன் பேரு கதிர்வேல்தான?"

"ஆமாங்க."

"கதவு எண் பதினேழு?"

"ஆமாங்க."

"அப்புறம் என்ன?"

சாந்தா என் பக்கம் திரும்பினாள். "லோகு, நீ மறியலுக்குப் போனயல்லோ? நான் அங்க இருந்தனா? சொல்லு சார்கிட்ட."

"இல்லீங்க சார். இவ வரலீங்க" என்றேன். அது உண்மை. உண்மையைச் சொல்லும்போது குரல் நடுங்காது என்பார்கள். எனக்கு நடுங்கியது.

"இவங்க வரலைன்னா, அப்ப இந்தப் பேரக் கொடுத்தது யாரு?" என்று ரைட்டர் கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை, திரையைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். அவர் என் பெயரையும் அந்தப் பட்டியலில் தேடியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். தேடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சாந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குன்னு வர்றதுக்கு நீயொருத்தி இருக்கியே, அது போதும்" என்றாள்.

ஜூன் 15, சனி

வகுப்புக்குப் போனேன். வந்தேன். சோறு ஆக்கினேன்.

ஜூன் 16, ஞாயிறு

மாஸ்டர் நோட்டுப் பார்ப்பதை முதல் வாரத்தோடு விட்டுவிட்டார். அதனால் எழுதலாம்.

அந்த மறியலுக்கு முன் பதினெட்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. நாங்கள் குடங்களோடு போய்ப் பெட்ரோல் பங்க் முன்னால் ரோட்டில் உட்கார்ந்தோம். நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு அப்படியே போனேன். சாந்தா தாராபுரம் போகும்போது, சர்க்கரை போட்டால் வாங்கி வை என்று அவள் கார்டை என்னிடம் கொடுத்திருந்தாள். என் கார்டு கடையிலேயே பதிவுக்கு இருந்தது. அவள் கார்டு மட்டும் என் ஜாக்கெட்டுக்குள்.

மத்தியானம் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். எலுமிச்சைச் சோறு போட்டார்கள். பெண்கள் எல்லாம் ஏதோ விசேஷத்துக்கு வந்த மாதிரி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி வரிசையாகப் பெயர் எழுதிக்கொண்டு வந்தாள். என் வீட்டுக்காரர் செல்வராசு அப்போது அரசு பஸ் டிரைவர் வேலைக்கு இண்டர்வியூ முடித்துக் காத்திருந்தார். காலையில் கிளம்பும்போதே, "போறது போ, பேரு மட்டும் ஸ்டேசன்ல ஏறக் கூடாது, எனக்கு வர்ற வேலையும் போயிரும்" என்று சொல்லியிருந்தார்.

என் முறை வந்தது. ஏதாவது கார்டு இருக்கிறதா என்றாள். எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கை தானாகப் போனது. அவள் புரட்டிப் பார்த்து, "சாந்தாமணியா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று பதினோரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் விட்டுவிட்டார்கள். வழக்கெல்லாம் வராது, சும்மா எழுதுகிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு வந்தது. மற்றவர்கள் கோர்ட்டுக்குப் போய் வந்தார்கள். என் பெயர் இல்லாததால் என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. சாந்தா அதற்குள் வீடு மாறியிருந்தாள். சர்க்கரையை வாங்கி, கார்டோடு அவளிடம் கொடுத்துவிட்டேன்.

அரசு வேலை கடைசிவரை வரவில்லை. செல்வராசு இப்போது மில் லாரி ஓட்டுகிறார்.

ஜூன் 18, செவ்வாய்

சாந்தா வக்கீலைப் பார்த்திருக்கிறாள். நடத்தினால் ஒரு வருடமாவது இழுக்கும், ஒத்துக்கொண்டால் அன்றைக்கே முடிந்துவிடும், நிலுவை என்று காட்டாது என்றாராம். 24ஆம் தேதி கோர்ட். 26ஆம் தேதி பட்டியல். "கணக்காத்தான் இருக்குது" என்றாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

மாஸ்டரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"ஐயோ அக்கா, அதப் பண்ணிறக் கூடாதுங்க" என்றார். "நிலுவைன்னா முடியட்டும்னு காத்திருக்கலாம். ஒத்துக்கிட்டாங்கன்னா தண்டனைன்னு ஏறிரும். அப்புறம் எப்ப சரிபார்த்தாலும் அது வரும். எந்த ஏஜென்சியும் தொடாது. அவங்ககிட்ட யாராச்சும் சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. சொன்னால், வேறு என்ன வழி என்று கேட்பாள். வேறு வழி என்னிடம்தான் இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

வகுப்பு முடிந்து வந்தால் வீட்டு வாசலில் சாந்தா. கையில் கொய்யாப்பழம்.

"ஒத்துக்கறதுன்னு ஆயிப்போச்சு. ஜட்ஜம்மா ஏதாச்சும் கேட்டா முழிக்கக் கூடாதல்லோ. நீ போனவதான. எப்படி எப்படி நடந்துதுன்னு சொல்லிக் கொடு புள்ள."

சொல்லிக் கொடுத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று தெரிகிறது, வரவில்லை. எங்கே உட்கார்ந்தோம் என்று கேட்டாள். பங்க் முன்னால், ரோட்டின் இடது பக்கம். யார் பக்கத்தில் என்றாள். தையல்கார பத்மா. என்ன கொண்டுபோனோம் என்றாள். குடம். "என்ன கலரு?" பச்சை. மண்டபத்தில் என்ன சோறு போட்டார்கள் என்று கேட்டாள், எலுமிச்சைச் சோறு என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். வகுப்பில் நெஞ்சை அழுத்திப் பழகிய ரப்பர் பொம்மை மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு இடத்தில் தவறினாள், நான் திருத்தினேன்.

"எம்பேரக் கொடுத்தவ யாரோ, அவ நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே கிளம்பினாள். சாபம் மாதிரி இல்லை. நிஜமாகவே அப்படித்தான் சொன்னாள்.

ஜூன் 22, சனி

மாதிரிப் பரீட்சையில் நான் முதல். பெண்கள் பிரிவுக்கு என்னைச் சூப்பர்வைசராகப் போடப் போவதாக பிரதீப் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். மத்தியானம் வடை வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள், வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

செல்வராசு வந்திருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்து துண்டில் துடைத்துக்கொண்டே, "பதினோரு வருசம் சும்மா இருந்தவளுக்கு இன்னும் ஒரு நாள் சும்மா இருக்க முடியாதா?" என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இந்த மாதத்தில் எனக்கு வந்த முதல் கோபம் அதுதான். அவர் கேட்டது நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்ததுதான்.

ஜூன் 24, திங்கள்

கோர்ட் வராந்தாவில் பதினொன்றரை வரை நின்றோம். சாந்தா நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது, பாடம் ஒப்பிக்கிறாள்.

டவாலி மூன்று முறை கூப்பிட்டார். சாந்தாமணி. சாந்தாமணி. சாந்தாமணி. அவள் உள்ளே போனாள். நான் பின்னால் நின்றேன். ஜட்ஜம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குற்றத்தைப் படித்துச் சொல்லி, "ஒத்துக்கிறீங்களா?" என்றார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சாந்தா ஆரம்பித்துவிட்டாள்.

"ஆமாங்கம்மா. பங்க்கு முன்னால உக்காந்திருந்தனுங்க. எடது பக்கமுங்க. பச்சைக் கொடம் வெச்சிருந்தனுங்க. வெயிலுங்கம்மா. தண்ணி இல்லாமத்தானுங்க போனது, வேற..."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் போதும் என்று கையைக் காட்டினார். அவள் நிறுத்தவில்லை. என் குடத்தைப் பற்றி என் தோழி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது நானுங்க" என்றேன்.

யார் பேசியது என்று ஜட்ஜம்மா பார்த்தார். நான் முன்னால் போனேன். பெயர் லோகநாயகி என்று சொன்னேன். அன்றைக்கு உட்கார்ந்தது நான், பெயர் மட்டும் இவளுடையது, இவள் ஊரில் இல்லை என்று சொன்னேன். ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்தார். எதையும் பதியவில்லை. வக்கீலை மனுவாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். என்னை ஸ்டேஷனில் போய் வாக்குமூலம் கொடுக்கச் சொன்னார். வேண்டுமென்றே பெயர் மாற்றிச் சொன்னதற்குத் தனி வழக்கு வரும், தெரியுமா என்றார். தெரியும் என்றேன். தெரியாது, ஆனால் அப்படிச் சொன்னேன்.

சாந்தா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டவில்லை. வெளியே வந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரேசன் கார்டா?"

"ஆமா."

அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

ஐந்து முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 26, புதன்

பயிற்சியின் கடைசி நாள். விஷயம் கேள்விப்பட்ட பிரதீப் என்னைக் கிடங்கு வாசலிலேயே நிறுத்தினார். "உங்களக் கெட்டிக்காரின்னு நெனச்சனுங்க்கா" என்றார். பட்டியலில் என் பெயர் இல்லை. முப்பத்திரண்டு பேருக்குச் சான்றிதழ். மாஸ்டர் என் மாதிரிப் பரீட்சைத் தாளைக் கொடுத்தார். தொண்ணூற்று நாலு.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்து வைத்தேன்.

ஜூலை 13, சனி

வக்கீல் போன் செய்தார். சாந்தாமணி பெயரை வழக்கிலிருந்து எடுத்தாயிற்று. அவள் விட்டுப்போன வகுப்புகளை இரண்டாவது பேட்ச்சில் உட்கார்ந்து முடிக்கிறாளாம். என் வழக்குக்கு ஆகஸ்டில் தேதி.

நல்லது என்றேன். வைத்த பிறகு வெகுநேரம் அழுதேன். ஏன் இப்போது என்று தெரியவில்லை.

ஜூலை 29, திங்கள்

யூனிஃபார்மை ஒப்படைக்க வேண்டும் என்று மூன்றாவது கடிதம் வந்துவிட்டது. துவைத்து இஸ்திரி போட்டு, பெல்ட், தொப்பி, விசில் எல்லாம் ஒரு பையில் வைத்து எடுத்துப் போனேன். ஏஜென்சிக்காரர்கள் ஆஸ்பத்திரி ஆபீஸிலேயே வாங்கிக்கொள்வார்களாம்.

நான் நின்ற வாசலில் சாந்தாமணி நின்றாள். புதுச் சீருடை. நெஞ்சில் புது அட்டை, அதில் பயிற்சி எண். குதிகால் சேர்ந்து, முதுகு நேராக இருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர். என்னைப் பார்த்துவிட்டாள் என்று தெரியும். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை, ஒவ்வொருவராக எழுதி அனுப்பினாள்.

"யாரப் பாக்கணுமுங்க?"

"ஆபீசுக்கு. இதை ஒப்படைக்கணும்" என்று பையைக் காட்டினேன்.

பையைத் திறந்து பார்த்தாள். மூடிக் கொடுத்தாள். பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவை வைத்துக்கொண்டாள்.

"பேருங்க?"

"லோகநாயகி."

அவள் எழுதவில்லை. தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை. எல்லோரிடமும் கேட்கிற குரல்தான்.

"உங்க சொந்தப் பேருதானுங்களா?"

பின்னால் நின்ற ஒருவர், சீக்கிரம் ஆகட்டும் என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். நான் உள்ளே போனேன்.